நகத்தில் காட்டாத தூசு

எங்கள் மில் வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. ‘பாதுகாப்பே முதல் கடமை’ என்ற எழுத்துக்குக் கீழே பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அந்த ஆள் நான்தான். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்த காலத்தில் எடுத்த படம். தினமும் அந்த மூஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். கழற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். புது ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது பார்க்கலாம் என்றார்கள்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது மில். சுற்றியுள்ள கம்பெனிகள் கார் பாகங்களை ஏற்றி அனுப்ப மரப்பெட்டி செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. பெரிய ரம்பத்துக்கு எப்போதும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மரத்தைத் தள்ளுவார், எதிர்ப்பக்கம் ஒருவர் பலகையை வாங்குவார். ஒருவர் போனால் ரம்பம் நின்றுவிடும். நான் தள்ளுகிற ஆள். எட்டு வருடமாக எதிரில் நின்று வாங்கியவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். செங்கோட்டைப் பக்கத்துக்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவருக்குப் பிடிக்கும் என்று என் பெண்டாட்டி நெத்திலிக் கருவாடு தேடிப் போய் வாங்கி வருவாள். இப்போது நினைத்தால் அந்தக் கருவாட்டின்மேல்கூடக் கோபம் வருகிறது.

மில்லில் கண்ணாடி இல்லை என்று சொன்னால் பொய். ஆபீஸ் பீரோவில், கவர் பிரிக்காமல் பத்திரமாக இருந்தது. பெட்டி வாங்கும் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று காலையில் ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் அட்டைப்பெட்டியோடு வந்து திருப்பி வாங்கிக்கொள்வார். நாங்களும் பெரிய யோக்கியர்கள் இல்லை. கொடுத்த அன்றும் நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுத்தான் நின்றோம். தகரக் கூரைக்குக் கீழே வியர்த்துக் கொட்டும், கண்ணாடி ஆவி பிடித்து மங்கும், அதன்மேல் மரத்தூள் அப்பும். ரம்பப் பல் எங்கே, என் விரல் எங்கே என்று தெரியாது. விரலுக்குப் பயந்து கண்ணை மறந்தோம்.

தூசு விழாத நாளே கிடையாது. அதற்கு வைத்தியமும் மில்லுக்குள்ளேயே இருந்தது. அண்ணாச்சிதான் எங்கள் கண் டாக்டர். விழுந்தவனை வெளிச்சம் பார்த்து ஒரு கட்டைமேல் உட்காரவைப்பார். தீக்குச்சியை வைத்து மேல் இமையைத் திருப்புவார். துண்டின் முனையை நனைத்து ஊசி மாதிரித் திரித்து ஒரே ஒற்று. எடுத்த தூசைத் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் காட்டுவார். காட்டாமல் ஆளை எழுப்பக்கூடாது, அது அவரே போட்ட சட்டம்.

“பாத்தாத்தாம் மாப்ள மனசு அடங்கும். இல்லன்னா நாள் பூரா கண்ணைக் கசக்கிட்டே கெடப்பான்” என்பார்.

அவர் கண்ணில் விழுந்தால் எடுப்பது நான். டாக்டருக்கே டாக்டர் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பெயின்ட்டில் எழுதி, எண்ணை மட்டும் தினமும் சாக்பீஸில் மாற்றுவார்கள். அந்த வாரம் வியாழக்கிழமை பெரிய ஆடிட். அது நல்லபடியாக முடிந்தால் இரண்டாவது ஷெட் திறப்போம், அங்கே அண்ணாச்சிதான் இன்சார்ஜ் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவரை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று மேனேஜரிடம் நானே போய்ப் பேசியிருந்தேன்.

ஆடிட்டுக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ரப்பர் மரத்தில் ஒரு கணு வந்தது. கணுவில் பட்டதும் ரம்பம் கிறீச்சிட்டது. என் இடது கண்ணில் சுருக்கென்று ஏதோ பாய்ந்தது. வழக்கம்போலக் கட்டைமேல் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி இமையைத் திருப்பினார், ஒற்றினார். மறுபடி ஒற்றினார். மூன்றாவது தடவையும் ஒற்றினார். எட்டு வருடத்தில் அவர் மூன்று தடவை ஒற்றி நான் பார்த்ததில்லை.

“தூசு போயிட்டு மாப்ள” என்றார்.

“காட்டுங்க அண்ணாச்சி.”

“காத்துல பறந்துட்டு. லேசாக் கீறியிருக்கும், அதாம் உறுத்துது. வெளக்கெண்ணெய் விட்டுப் படு, சரியாப் போவும்.”

“எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிக்கினு வந்துரட்டுமா?”

“எதுக்கு? நாந்தாம் பாத்துட்டேன்லா.”

வெளியே லாரி காத்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்துவிட்டார், பிறகு எனக்கு என்ன? எழுந்துபோய் மறுபடி மரத்தைத் தள்ளினேன்.

மறுநாள் ஆடிட்டில் எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தார்கள். என் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. வரிசையில் நிற்கும்போது அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, “நீ பின்னால நில்லு மாப்ள” என்றார். வெயில் படாமல் நிற்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மூன்றாம் நாள் வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை. பெண்டாட்டி பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கருவிழியிலிருந்து ஒரு மரச் சிராயை எடுத்தார். அரிசி நொய்யில் பாதி இருக்கும். அதற்குள் பூஞ்சை பிடித்துப் புண்ணாகிவிட்டது என்றார்.

“நடுவுலயே குத்திக்கிட்டு இருந்திருக்கே, யாரும் பாக்கலையா? அன்னைக்கே வந்திருந்தா எடுத்துட்டு மருந்து விட்டு அனுப்பியிருப்பேன்.”

மணிக்கு ஒருதரம் மருந்து விட்டோம். இரண்டு மாதம் போனது. புண் ஆறியது, ஆனால் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. கண்ணாடி கொடுத்தும் நான் போடவில்லை என்று மில்லில் எழுதி வைத்துக்கொண்டார்கள். போடவில்லை என்பது நிஜம்தான். பீரோவில் இருந்ததை எப்படிப் போடுவது என்று யாரும் எழுதவில்லை. கரும்பலகையில் எண் ஒருநாள்கூடச் சைபருக்குப் போகவில்லை.

அண்ணாச்சி மாதுளம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “போயிட்டுன்னுதாம் மாப்ள நெனச்சேன். வல்லக்கோட்டை முருகன் மேல ஆணை.” நானும் அழுதேன். அவர் போன பிறகு பெண்டாட்டி பழத்தைத் தொடவே இல்லை.

“தெரியாமயா பின்னாடி நிக்கச் சொன்னாரு? தெரியாமயா நகத்துல காட்டல? அட்த்த மாசம் பாரு, இன்சார்ஜ் ஆயிடுவாரு. இன்னும் இன்னா ஓணும் உனுக்கு?”

அவள் சொன்னபடியே ஆனார். அப்போதும் அவருக்காக இவளிடம் கத்தினேன். மனுஷனுக்குக் கண் தப்பாதா, சின்னச் சிராய், மூன்று தடவை ஒற்றினாரே என்று வக்காலத்து வாங்கினேன். கத்திவிட்டுப் படுத்தால் அதே கேள்விதான். பார்த்தாரா, பார்க்கவில்லையா? கண் போனதை ஒருமாதிரி ஏற்றுக்கொண்டேன். இது மட்டும் விடவில்லை. ஒரு வருடம் இப்படியே ஓடியது.

இப்போது எனக்கு ரம்பத்தில் வேலை இல்லை. முடிந்த பெட்டிகளில் உட்கார்ந்தபடி முத்திரை குத்துகிறேன். கண்ணாடி எல்லோருக்கும் தினமும் கிடைக்கிறது, அது மட்டும் மாறியது. இருக்கிற ஒரு கண்ணைக் காப்பாற்றிக்கொள் என்று டாக்டரம்மா சொன்னதால் நான் கழற்றுவதே இல்லை. தூசு விழுந்தால் பையன்கள் என்னிடம்தான் வருகிறார்கள். தீக்குச்சி, துண்டு எல்லாம் விட்டுவிட்டேன். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுவேன், செல்போன் டார்ச்சில் பார்ப்பேன். இருந்தால் இருக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். அண்ணாச்சியே இரண்டு பேரை என்னிடம் அனுப்பியிருக்கிறார். “அவன் சொன்னாச் சரியா இருக்கும்” என்றாராம்.

போன மாதம் ஒருநாள் காலையில் இரண்டாவது ஷெட்டிலிருந்து அவரே வந்தார். துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றியபோது விளிம்பில் சேர்ந்திருந்த தூள் கண்ணுக்குள் கொட்டிவிட்டது. என் எதிரில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைத் தூக்கினார். என் கண் போன பிறகு அவர் அப்படி என் எதிரில் உட்கார்ந்தது அன்றுதான். தண்ணீர் ஊற்றினேன். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசு இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை மறைக்கவில்லை. ஆனால் கண்ணில் நிஜமாகவே ஒன்றும் இல்லை, கழுவியதில் போய்விட்டிருந்தது.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போயிடுச்சு.”

“காட்டு மாப்ள.”

“காட்ட இன்னா கீது? தண்ணியிலயே போயிடுச்சு.”

அவர் எழுந்திருக்கவில்லை. மற்ற கண்ணைத் திறந்து என் பூ விழுந்த கண்ணையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இருக்கத வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லிராத மாப்ள. நானும் பிள்ளகுட்டிக்காரன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சட்டென்று எழுந்தார். நான் டார்ச்சை அணைத்தேன். பத்து நிமிடத்தில் மேனேஜருடைய பைக்கில் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கும் லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. மதியம் திரும்பி வந்தார். தூசு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம், அதை மேனேஜரிடம் சொன்னார். என் பக்கம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று கேட்பாள் என்று பார்த்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். ஒரு வருடமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததை அண்ணாச்சி அன்று தன் கையாலேயே எடுத்து நகத்தில் வைத்துக் காட்டிவிட்டார். பார்த்தால் மனசு அடங்கும் என்பாரே, எனக்கு அடங்கவில்லை.