கூட்டுக் கிணற்றில் வெடி வைத்த நாள்

1950 மே 18, வியாழக்கிழமை. விடியுமுன் எழுந்து போர்வையை நான்காக மடித்து வைத்தேன். முகம் மழித்தேன். மாடுகளைக் கமலையில் பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தேன். பாதி வயல் நனைவதற்குள் சால் வெறும் சேற்றை அள்ளி வந்தது. மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டேன். வழக்கமான வேலை அதோடு முடிந்தது. அன்று எங்கள் கிணற்றில் வெடி வைப்பதாக இருந்தது.

பர்மா போர்முனையிலிருந்து நான் ஊர் திரும்பி நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்னவாசலுக்குப் பக்கத்தில் என் நிலமும் மனைவியின் அண்ணன் நிலமும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் ஒரே கிணறு. அடியில் பாறை, வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். எனக்கோ வெடிச் சத்தம் கேட்டால் எங்கே இருக்கிறேன் என்பது மறந்துபோகும். உடம்பு தானாகத் தரையில் விழுந்துவிடும். ஒரு தீபாவளியன்று மாமனார் வீட்டுப் பந்தியில் இலைமேலேயே விழுந்தேன். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

மச்சான் இரண்டு கோடையாக வெடி வைப்பதைத் தள்ளிப்போட்டு வந்தார். கேட்டால், வேட்டுக்காரர் வரவில்லை என்பார். எனக்காகத்தான் தள்ளுகிறார் என்பதை அந்த வாரம்தான் மனைவி சொன்னாள். இரண்டு கோடையும் அவருடைய மிளகாய்ச் செடி கருகிப்போயிருந்தது. அவள் சொன்ன அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய், வெடி வைத்துவிடலாம் என்றேன்.

"சரி. அன்னைக்கு நீங்க ஒரு வேலையா புதுக்கோட்டைப் பக்கம் போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார்.

ஆனால் கூட்டுக் கிணற்றில் முதல் வேட்டு வைக்கும்போது பங்குள்ள இருவரும் மேட்டில் நிற்பது எங்கள் பக்க வழக்கம். நிற்காதவருக்குத் தண்ணீரில் என்ன உரிமை என்று பின்னால் பேச்சு வரும். "நிக்கிறேன்" என்றேன். இத்தனை பேர் முன்னால் இன்னொரு தடவை விழுந்தால் இந்த ஊரில் இருக்கப்போவதில்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்திருந்தேன். மறுபடி பட்டாளத்துக்கே எழுதிப் போட்டுவிடலாம். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வேட்டுக்காரர் திரியைக் கொளுத்திவிட்டு மேலேறி வந்து, "வேட்டு, வேட்டு" என்று கூவினார். எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினோம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தரை அதிர்ந்தது.

நினைவு வந்தபோது என் வாயில் மண் இருந்தது. சிரிப்புக்காகக் காத்திருந்தேன். சத்தமே இல்லை. மெல்லத் தலையைத் திருப்பினேன். பக்கத்தில் மச்சான் குப்புறப் படுத்திருந்தார். அவருக்கு அப்பால் என் மனைவி, கூலியாட்கள், வேட்டுக்காரர், எல்லோரும் முகத்தை மண்ணில் வைத்துப் படுத்திருந்தார்கள்.

"எந்திரிக்கலாமா மாப்பிள்ளை? எறும்பு கடிக்குது" என்றார் மச்சான்.

"நீங்க ஏன் படுத்தீங்க?"

"பட்டாளத்துக்காரரே படுக்கையில நாம நின்னா, கல்லு நம்ம மண்டையத்தானே தேடி வரும்?"

"நீ படுத்தாலும் நின்னாலும் ஒசரம் ஒண்ணுதாண்ணே, ஒன் தொந்திக்கு" என்றாள் மனைவி.

நானும் சிரித்துவிட்டேன். நான் விழுந்தால் எல்லோரும் படுத்துவிட வேண்டும் என்று முந்தின நாளே மச்சான் சொல்லி வைத்திருந்தார் என்பது, அங்கே வராத அவர் மனைவி சொல்லிப் பிறகு தெரிந்தது. வேட்டுக்காரர் மட்டும், வேட்டி பாழானதாக முணுமுணுத்துக்கொண்டே தட்டிக்கொண்டார்.

இப்போதும் சில சமயம் விழுகிறேன். ஆனால் கல்யாணம் காட்சிக்குப் போகிறேன். ஊரைவிட்டுப் போகும் எண்ணம் அன்றோடு போயிற்று. படுத்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. அதற்காகவும் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

புகை அடங்கிய பிறகு கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தோம். பாறை ஒரு பக்கம் பிளந்து, மூலையில் ஈரம் கசிந்தது. ஊற்று திறக்க இன்னும் ஒரு வேட்டு வேண்டும் என்றார் வேட்டுக்காரர். மச்சான் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக வேட்டுக்காரர் வீட்டுக்குப் போய், அவரை எழுப்பி, அடுத்த வேட்டுக்கு வரச் சொன்னேன்.