புது லாம்பும் மங்கல்தானாம்

பழைய புரொஜெக்டர் ஒன்றை என் கணவர் பெங்களூரிலிருந்து வாங்கிவந்து ஹாலில் வைத்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓசூரில் எங்களுடையது இரண்டே அறை வீடு. சுவர் முழுக்கப் படம் ஓடினால் நாங்கள் எங்கே உட்காருவது? ஆனால் முதல் கிரிக்கெட் மேட்ச் ஓடியதும் நானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

உள்ளே எரியும் லாம்புக்கு ஆயுள் உண்டு, பார்த்துப் பார்த்து ஓட்டுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். போதாதா! அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லாம்புக்கு ராஜ மரியாதை. வெளிச்சத்தைக் குறைத்து எகானமி மோடில்தான் ஓட வேண்டும். அணைத்த உடனே மறுபடி போடக் கூடாது. கிரானைட் லாரிகள் கிளப்புகிற தூசி ஃபில்டரை அடைத்துவிடும் என்று, ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரஷ்ஷும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை மாத்திரையைப் போடுங்கள் என்று நான் கத்துவது மட்டும் காதில் விழாது. அந்த லாம்புக்குப் பார்த்ததில் பாதியைத் தன் உடம்புக்குப் பார்த்திருக்கலாம், மனுஷன்.

அவருக்கு வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒவ்வொரு பீஸையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, கீறலோ ஓரத்தில் கூரான பிசிறோ இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அவர் கண்ணை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

நானும் வேறொரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். கிளம்பும்போது போர்டில் இருக்கிற சுவிட்சையெல்லாம் ஒரே தட்டாகத் தட்டி அணைத்துவிட்டுத்தான் படியிறங்குவேன். இடி இடிக்கும், வோல்டேஜ் எகிறும் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒருநாள் மதியம் அவர் ரிமோட்டில் படத்தை நிறுத்தியிருந்தார். லாம்பின் சூடு தணிய உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் போர்டைத் தட்டிவிட்டேன்.

“அடிப்பாவி! ஃபேன் நிக்கிற வரைக்கும் கரண்ட்ட நிறுத்தாதன்னு எத்தனை வாட்டி சொல்றது?”

கொஞ்ச நாளில் படம் மங்குகிறது என்று ஆரம்பித்தார்.

“எனக்கு நல்லாத்தாங்க தெரியுது.”

“தெரியும், தெரியும். கெடுத்தது நீதான, வேற என்ன சொல்லுவ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிரிக்கெட் போட்டாலே எங்களுக்குள் சண்டை என்றாகிவிட்டது. எகானமி மோடு, சிக்கனம் எல்லாம் பறந்துபோய் முழு வெளிச்சத்தில் ஓட்ட ஆரம்பித்தார். நாற்காலி சுவரை நோக்கி நகர்ந்துகொண்டே போனது. கடைசியில், புது லாம்பு வாங்கியே தீருவேன் என்று பெங்களூருக்குக் கிளம்பிப் போய் வாங்கி வந்தார்.

கண்ணாடியில் விரல் படக் கூடாது என்று துணியால் பிடித்துக் கவனமாக மாட்டினார். பட்டப்பகல்; ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டோம். அப்பப்பா, என்ன வெளிச்சம்! எனக்குக் கண் கூசியது. இனியாவது சண்டை ஓயும் என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டான்” என்றார். “இதுவும் மங்கல்தான்.”

அப்போதுதான் கவனித்தேன். சுவரை அவர் நேராகப் பார்க்கவில்லை. கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஸ்கோர் எவ்வளவு? கீழ போட்டிருக்கான் பாருங்க, படிங்க.”

“என்னடி, எனக்கே டெஸ்ட் வெக்கிறியா?”

“படிங்கன்னா படிங்க!”

அவர் படிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரில் நின்றிருந்தது. ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “லாம்புன்னா மாத்திக்கலாம்ல. அதான் லாம்பாவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்” என்றார்.

“அப்ப கம்பெனில எப்படிங்க பாக்கறீங்க?”

“பாக்கறதில்ல. தடவித்தான் பாஸ் பண்றேன்.”

அவர் கையை வெடுக்கென்று இழுத்து, சுவர் வெளிச்சத்தில் விரித்தேன். விரல் நுனிகளில் பிசிறு கிழித்த பொடிப்பொடிக் காயங்கள். சில ஆறியிருந்தன, சில புதுசு. அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“நாளைக்கு லீவு சொல்லுங்க. கிருஷ்ணகிரிக்குப் போய்க் கண் டாக்டரப் பாத்துட்டு வந்துரலாம்.”

“வரேன். ஆனா டாக்டர் என்ன சொன்னாலும் கம்பெனிக்குத் தெரியக் கூடாது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். சரியா?”

தடவிப் பார்த்தே அவர் பாஸ் பண்ணிய பீஸெல்லாம் எந்தெந்த வண்டியில் ஓடுகிறதோ. அவர் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.