மூங்கில் கழியும் மிஸ் ரெஜினாவும்

மாணவர்கள் ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்ததை ஐந்து நிமிடத்தில் குறை சொல்வதுதான் கட்டடக்கலை வாத்தியாரின் வேலை. எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் முன்னால் போவதைப் பார்த்து வயிறெரிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி

மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் பதவி காலியாக இருந்தது. பத்து வருட சர்வீஸ், எனக்குத்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அப்போதுதான் மிஸ் ரெஜினா எங்கள் துறையில் ஆசிரியராக வந்து சேர்ந்தார். எங்கள் தேவாலயத்துக்கு வருகிறவர்தான். வந்த வாரமே, எந்த வீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் "இந்த வீட்டில் வேலை செய்வது யார்?" என்று மாணவர்களைக் கேட்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பத்து வருடத்தில் என்னிடம் ஒருமுறையும் சொல்லாததைத் துறைத் தலைவர் அவரிடம் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் சொன்னார்: "குட் கொஸ்டின் லா."

அரிசி மூட்டை

ஒருநாள் என் வகுப்பில் பாதிப் பேரைக் காணோம். ரெஜினா அவர்களைத் தேக்கா மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு அரிசி மூட்டையும் காய்கறிப் பையும் கொடுத்து, பஸ் ஏற்றி, புக்கிட் பாத்தோக் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நிற்காத ஒரு மாடிக்கு ஏறச் சொல்லியிருக்கிறார். என் செல்ல மாணவன் குணசேகரனும் போயிருந்தான். ஏன் போனாய் என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சார், உங்க கிளாஸ்ல படிக்கட்டு வரைஞ்சேன். இன்னிக்குத்தான் ஏறினேன்."

அழகான முகப்பு

எங்கள் அடுக்குமாடி வீடுகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் பதித்திருக்கும். ஈரத்துணி கோத்த மூங்கில் கழிகளை அவற்றில் செருகிக் காயவைப்பார்கள். படத்தின் அழகு கெடும் என்று என் வகுப்பில் கழி வரையத் தடை. ரெஜினாவின் மாணவர்களோ துணியோடு வரைந்தார்கள். துணி காயப்போடவும் பட்டம் தருகிறோமா என்று எல்லார் முன்னிலையிலும் கிண்டல் செய்தேன். அவர் நிதானமாகக் கோப்பியைக் கலக்கினார். "சார், உங்க வீட்ல கழியை வெளிய நீட்டுறது யாரு?"

நடுவர்

ஆண்டு இறுதி மதிப்பீட்டுக்கு மூன்று குடும்பப் பெண்களை நடுவர்களாக ரெஜினா அழைத்திருந்தார். துறைத் தலைவரும் இருந்தார். பதவி யாருக்கு என்பதை அன்றைக்குப் பார்த்து முடிவு செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது நாற்காலியில் என் மனைவி ஸ்டெல்லா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

குணசேகரன் என்னிடம் கற்றபடியே வரைந்திருந்தான். உயரமான ஜன்னல், அதற்கு முன்னால் சிங்க், கழி கிடையாது. ஐந்தடி கூட இல்லாத ஸ்டெல்லா எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். "தம்பி, சிங்க் மேல எக்கி ஈரக் கழியை எப்படி வெளிய நீட்டுறது? எங்க வீட்லயும் இப்படித்தான். ரெண்டு தடவை விழப் பார்த்தேன்" என்றாள். துறைத் தலைவர் அதை எழுதிக்கொண்டார். மறுநாள் பதவி ரெஜினாவுக்குப் போனது.

பதவி போனதுகூட ஆறிவிடும். என் வீட்டு ஜன்னலில் நடந்தது எனக்குத் தெரியாமல் அவருக்குத் தெரிந்திருந்ததே, அதுதான் தாங்கவில்லை. மதிப்பீடு முடிந்து வீடு திரும்பும்போது, பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன், என்னிடம் சொல்லாததை அவரிடம் ஏன் சொன்னாய் என்று. ஸ்டெல்லா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவங்க கேட்டாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கழியை நான்தான் நீட்டுகிறேன், நான் நீட்டும் லட்சணத்தையும் ஸ்டெல்லா ஞாயிறுதோறும் மிஸ் ரெஜினாவிடம்தான் சொல்கிறாள்.