விபத்து வரைகிறவன்

நடந்ததை நடந்தபடி எழுதுவதும் ஒரு வேலை என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்; அபுதாபி நாட்டு ருவைஸில் எனக்கு அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் இருக்கும். எங்கள் கம்பெனி அங்கே எண்ணெய்த் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்தது. சைட்டுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. கேமரா வைத்த போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அனுமதி வாங்கிப் படமெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் விபத்து நடந்த இடத்தைக் கழுவித் துடைத்திருப்பார்கள். அதனால் பாதுகாப்புப் பிரிவில் படம் வரைய ஒரு டிராஃப்ட்ஸ்மேனை வைத்திருந்தார்கள். விபத்து மணி அடித்தால் பென்சிலோடு ஓடுவேன். கண்டதை வரைந்து, கீழே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட புண்ணியவான்கள் உங்களிலும் இருப்பீர்கள். மேலே படியுங்கள், நீங்கள் நம்ம ஆள்.

மடத்துச் சாமியார்

என் மேனேஜர் ஆங்கிலேயர், பெயர் பீட்டர். நான் சேர்ந்த வாரமே என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். விமானம் ஏறுமுன் பழனியில் மொட்டை போட்டிருந்தேன். அதைத்தான் கேலி செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் தன் அறையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டில் ஒரு மடம். அதிலிருந்த ஒரு துறவி, நாட்டில் நடப்பதையெல்லாம் வருஷவாரியாக எழுதி, ஓரத்தில் படமும் போட்டிருக்கிறார். பிரபு யாராவது செத்துப்போனால் அவருடைய கேடயத்தைத் தலைகீழாக வரைவாராம். ராஜாவே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதையெல்லாம் எழுது என்றாராம். சாமியார் எழுதினார், ராஜா செய்த தப்புகளையும் சேர்த்து. வயதான பிறகு பயம் வந்துவிட்டது. சில வரிகளைச் சுரண்டினார், சிலவற்றின் மேல் துண்டு வெட்டி ஒட்டினார். ஒட்டியதற்கு அடியில் இருப்பதையும் இன்றைக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுகிறார்கள் என்று பீட்டர் சொன்னார். புத்தகத்தை மூடிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“அந்த ஆளுக்கு ஒரே ஒரு ராஜா. உனக்கு இங்கே பத்து ராஜா இருக்கிறார்கள், பார்த்து எழுது.”

மீசை

ஆரம்பத்தில் ஆட்களை வட்டத் தலையும் நான்கு கோடுமாகத்தான் வரைவேன். அளவுகளும் இரும்பும்தான் முக்கியம், ஆள் யாராக இருந்தால் என்ன என்ற நினைப்பு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த பைப் ஃபிட்டர் சுடலைமுத்துவுக்கு ஆள்காட்டி விரல் நசுங்கி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அறிக்கையில் கையெழுத்துப் போட வந்தவர், படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெரலு போனது போவட்டும் சார், மீசையயும்லா எடுத்துட்டீய!”

மூடிய கொக்கி

அதன் பிறகு மீசை உள்ளவர்களுக்கு மீசை போட்டேன். ஆட்களின் முகத்தையும் பார்க்கப் பழகினேன். முருகேசனை அப்படித்தான் தெரியும். பரமக்குடிப் பக்கத்துக்காரர், சாரம் கட்டுகிறவர். சிரித்த முகம். அவருடைய மச்சினன் ராஜேந்திரனும் அதே கேம்ப்தான்.

ஒரு நாள் காலையில் மணி அடித்தது. நான் போய்ச் சேருவதற்குள் முருகேசனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். உயிர் கீழே விழுந்தபோதே போய்விட்டது என்றார்கள். அவருடைய ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. இடுப்பிலிருந்து அறுத்தெடுத்த பாதுகாப்பு பெல்ட் பக்கத்தில் கிடந்தது. பெல்ட்டின் கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. கொக்கி ஒரு குழாயைச் சுற்றி வாய் மூடிப் பிடித்திருந்தது. அந்தக் குழாயும் மேலேயிருந்து கழன்று வந்து கிடந்தது. அதைச் சாரத்தோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப் மரை தேய்ந்து திறந்திருந்தது. மனுஷன் முறைப்படி பெல்ட்டை மாட்டித்தான் வேலை செய்திருக்கிறார். மாட்டிய குழாய் அவரோடு சேர்ந்து விழுந்திருக்கிறது.

எல்லாவற்றையும் வரைந்தேன். சாரம் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியின் ஃபோர்மேன் இரண்டு ஆட்களோடு வந்து என் தலைக்கு மேலே நின்றார். சாயங்காலம் விசாரணைக் குழு வந்தபோது அங்கே குழாயும் இல்லை, பெல்ட்டும் இல்லை, தரையில் புது மணல்தான் கிடந்தது. காலையில் நான் கடைசிக் கோட்டைப் போடும்போதே ஃபோர்மேன் அவசரப்பட்டார்.

“கலாஸ் சார், முடிஞ்சுபோச்சு, யல்லா, கெளம்புங்க! செத்தவன் படத்த பாக்கவா போறான்?”

ஒட்டுத் துண்டு

காண்ட்ராக்ட் கம்பெனியின் அறிக்கை ஒரே வரிதான்: பெல்ட்டை மாட்டாத தொழிலாளியின் கவனக்குறைவு. என் படம் மட்டும்தான் குறுக்கே நின்றது. அந்தக் கம்பெனியின் பெரிய அதிகாரி பீட்டருடைய அறையில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அவர் போனதும் பீட்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் என் படம் இருந்தது. படம் முழுவதும் நன்றாக இருக்கிறது, கொக்கியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வேறு தாளில் போட்டுக் கொடு என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குப் பயம்தான். பெண்டாட்டி பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. வேலை போனால் விசாவும் போகும். ஆனால் அந்தக் கொக்கி கண்ணிலேயே நின்றது. வாயை மூடிக்கொண்டு வரமுடியவில்லை. “சாமியார் ஒட்டி மறைத்ததையே இன்றைக்குப் படிக்கிறார்கள் என்று நீங்கள்தானே சார் காட்டினீர்கள்?” என்று கேட்டுவிட்டேன்.

பீட்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். என்மேல் கத்துவார் என்று காத்திருந்தேன். திரும்பி வந்து, அதே படத்தின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“அந்தச் சாமியாருக்குப் பறிபோக விசா கிடையாது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.”

வெள்ளிக்கிழமை போன்

உடலோடு ஊருக்குப் புறப்படும் நாளில் ராஜேந்திரன் என்னைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முருகேசன் அவருடைய அக்கா புருஷன். வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப் பூத்திலிருந்து முருகேசன் வீட்டுக்குப் பேசுவார். அந்தம்மா போனை வைக்கும்போது கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: “பெல்ட்ட மாட்டிக்கிருங்க.” கூட நிற்கிறவர்கள் அதையே சொல்லிச் சொல்லி முருகேசனைக் கிண்டல் செய்வார்களாம்.

“அக்கா அழுகவே இல்ல சார்” என்றார் ராஜேந்திரன். “மாட்டியிருந்தாரா மாட்டலையான்னு அது ஒண்ணையேதான் போன்ல கேட்டுக்கிட்டு இருக்கு. ஃபோர்மேன் மாட்டலேங்கிறாரு. நான் என்னத்தச் சொல்றது?”

மாட்டியிருந்தார் என்று சொன்னேன். நான் கண்ணால் பார்த்தேன் என்றும் சொன்னேன். ராஜேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் படத்தை வெளியே கொடுக்க முடியாது என்று நானே ஆரம்பித்தேன். அது வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். விழுந்த இடத்தை அக்கா பார்க்க வேண்டாம், கொக்கியை மட்டும் ஒரு தாளில் வரைந்து தாருங்கள் என்றார்.

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, குழாயைச் சுற்றி வாய் மூடியிருந்த கொக்கியை, பார்த்தது பார்த்தபடி வரைந்தேன். வேறு எதுவும் போடவில்லை. ராஜேந்திரன் அதை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனவர், திரும்பி நின்றார்.

“இதக் காட்டிச் சொல்லிருவேன் சார். நீ சொன்னத மச்சான் செஞ்சாரு அக்கா, குழாய்தான் நிக்கலன்னு.”

எட்டு வருஷம் அங்கே பக்கம் பக்கமாக நான் எழுதித் தள்ளிய ஆங்கிலத்தை யார் படித்தார்களோ தெரியாது. ஒருவர் கேட்டு வாங்கிப் போனது ஒரே ஒரு கொக்கியைத்தான்.