தோள் வலிக்குக் காலில் ஊசி

எங்கள் தொழிலில் யாரும் முதலிலேயே எங்களைத் தேடி வருவதில்லை; தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மாத்திரை விழுங்கி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணெயையும் பூசிப் பார்த்துவிட்டு, ‘சரி, இதையும் பார்த்துடலாம்’ என்று கடைசியில்தான் அக்குபஞ்சருக்கு வருவார்கள்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் கிளினிக். கீழே வர்க்கி வேகிற சூட்டில் என் அறைக்கு ஹீட்டரே தேவைப்படாது. மேட்டில் சுமை தூக்குகிறவர்கள், குளிருக்குத் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு நடக்கிறவர்கள் என்று இந்த மலையில் எல்லோருக்கும் கழுத்திலும் தோளிலும்தான் தகராறு. கழுத்து திரும்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பி இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம்.

சரியான இடம்

வேலுச்சாமி ஐயா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கட்டிலில் உட்காரும் முன்பே கட்டில் கால் ஆடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். நான் அவருடைய வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, முழங்காலுக்குக் கீழே ஊசியை வைத்ததும் பதறிவிட்டார். “ஏனுங்க டாக்டரம்மா, வலி தோளுலங்க!” என்றார்.

“தெரியுமுங்க ஐயா. இப்ப மெதுவாக் கையத் தூக்குங்க” என்றேன். சந்தேகத்தோடுதான் தூக்கினார். தோள் மட்டம் தாண்டியது. காது வரைக்கும் போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. உயர்ந்த கையை அவர் ஏதோ சரக்கைப் பரிசோதிப்பது போல அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “கரெக்டான எடத்துல குத்தியிருந்தீங்கன்னா இன்னும் மேல போயிருக்குமுங்க.”

கொண்டை ஊசி வளைவு

டிரைவர் மணி மேட்டுப்பாளையம் ரூட்டில் பஸ் ஓட்டுபவர். கழுத்து இடது பக்கம் திரும்பவே மறுத்ததால் லீவு போட்டுவிட்டு வந்தார். வண்டி ஓட்ட முடியாமல் போனால் டெப்போவில் உட்கார்ந்து டயர் எண்ண வேண்டியதுதான் என்ற பயம் அவருக்கு. சில வாரம் விடாமல் வந்து, கழுத்து சரியாகி, மறுபடி ஸ்டீயரிங் பிடித்துவிட்டார். ஆனால் எனக்கு மறக்காதது அவருடைய இரண்டாவது வருகைதான்.

கையிலும் காலிலுமாக ஊசிகளை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னேன். வலியில் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ, படுத்த உடனே குறட்டை. நானும் சத்தம் போடாமல் ஓரமாக உட்கார்ந்தேன். திடீரென்று அவருடைய வலது கால் பலமாக ஒரு அழுத்து அழுத்தியது. பாதத்தில் இருந்த ஊசி தெறித்து விழுந்தது. நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் திறந்து, என்னையும் தன் காலையும் பார்த்து, வெட்கத்தோடு சொன்னார்: “மன்னிச்சுக்குங்க, எதுத்தாப்புல லாரி வந்துருச்சுங்க.”

போடாத ஊசி

மளிகைக்கடை ராஜகோபால் அண்ணன் ஒரு நாள் காலையில் வந்தார். வெளியே எதிரில் நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. இவர் சட்டை நனைய வியர்த்திருந்தார்.

“இடது தோள் இழுக்குதுங்க, தாடை வரைக்கும் வலி. சட்டுன்னு ரெண்டு ஊசி போட்டு விடுங்க, கடையத் தொறக்கோணும்.”

“படி ஏறும்போது வலி ஜாஸ்தியாச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

இது தோள் வலி இல்லை. “அண்ணா, நான் ஊசி போட மாட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றேன். அவருக்கு வந்ததே கோபம். போட இஷ்டமில்லாவிட்டால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினார். நான் அவரிடம் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டு, கீழே பேக்கரிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஆளோடு மேலே வந்து, அண்ணனை நாற்காலியோடு தூக்கி இறக்கி ஜீப்பில் ஏற்றினார். நானும் கூடவே போனேன். வழியெல்லாம் அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் திட்டு நின்றபோதுதான் எனக்கு உயிரே போய்விட்டது. இதயத்தில் அடைப்பு. அன்றே கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள்.

உடம்பு தேறியதும் மனைவியோடு வந்தார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும் சிரிக்காமல் சொன்னார்: “உங்களுக்கு ஊசி போட பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம், அதுக்காக என்னையக் கோயமுத்தூர் வரைக்கும் அனுப்போணுமுங்களா?”

சடை

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர் மாரியாயி. இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். இன்றும் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டைக் ‘காம்பரா’ என்றுதான் சொல்வார். தோள் இறுகிப்போய் வலது கை பின்பக்கமும் போகவில்லை, மேலேயும் போகவில்லை. கொழுந்து எடுக்க முடியவில்லை. இடுப்பைத் தொடும் முடியை வாரவும் முடியவில்லை. “வெட்டிப் போட்டுறவா டாக்டரம்மா?” என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

கூட வந்த கணவர் பெருமாள், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், “ஒண்ணும் வெட்ட வேணாம், நான் பின்னிவுடுறேன்” என்றார். அடுத்த முறை அந்தச் சடையைப் பார்த்தேன். வைக்கோல் பிரி தோற்றுவிடும். ஆனால் வாரத்துக்கு வாரம் மேடு பள்ளம் குறைந்து, பிறகு பூவும் ஏறியது. இந்தத் தோள் சீக்கிரம் இளகாது. ஊசியோடு, சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியும் கொடுத்தேன். மாதங்கள் போனபின் கை முழுதாக உயர்ந்தது. மாரியாயி தேயிலைத் தோட்டத்துக்கு மறுபடி வேலைக்கும் போய்விட்டார்.

கடைசியாக வந்த அன்றும் நேர்த்தியான சடை. “இப்ப நீங்களே பின்னிக்கிறீங்களா?” என்று கேட்டேன். அவர் கதவு வரைக்கும் போய், வெளியே பெஞ்சில் இருந்த கணவரை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, என் காதருகே சொன்னார்: “கொழுந்து எடுக்கத்தான் கை வருது, சடை பின்ன இன்னும் வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன், கேட்டா நீங்களும் அப்புடியே சொல்லிருங்க.”

கடைத்தெருவில் என்னைக் கண்டதும் யாரோ எவரோ என்று முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டு போகிற பழைய நோயாளிகள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது, அந்தக் கழுத்து அவ்வளவு வேகமாகத் திரும்புவதே நான் பார்த்த வைத்தியம்தானே!