கண்ணாடித் தொட்டியில் அம்மை

செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குத் தெரியாதது என்று இந்தத் தூத்துக்குடியில் ஒன்றும் கிடையாது. கப்பலை எந்தப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது துறைமுகத்துப் பைலட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மழை வருமா வராதா என்று வானிலை ஆபீஸ்காரர்கள் அவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னால் நாட்டுக்கு நல்லது. அவர் கடையில் பெயின்ட், பைப், ஆணி எல்லாம் கேட்டால் கிடைக்கும். ஆலோசனை கேட்காமலே கிடைக்கும். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன், ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். படி இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆலோசனையாவது விழும். வாடகைக்கு வந்த பாவத்துக்கு வாங்கிக்கொண்டு போவேன்.

பிறந்தது உடன்குடிப் பக்கம். படிப்பைப் பத்தாம் வகுப்போடு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், வாத்தியார்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டதுபோலப் பதில் சொல்வார். அண்ணன் கடையில் நின்று தொழில் பழகினார், சொந்தமாகக் கடை போட்டார், மாடி வீடு கட்டினார். பாடுபட்டு முன்னுக்கு வந்த மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

வருஷம் தவறாமல், குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போடுவார். நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் காளியாக வருவார்கள், குரங்காக வருவார்கள், கிழவியாக வருவார்கள். அண்ணாச்சி கட்டுவது ராஜா வேஷம் மட்டும்தான். ஒரு வருஷம் பிச்சைக்காரர் வேஷம் கட்டிப் பாருங்களேன் என்று யாரோ சொன்னதற்கு, "எனக்கு அது எடுக்காதுடே, ஆத்தாளே சிரிச்சிருவா" என்றார். விரதம் முடிந்து கிரீடம் அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். ராஜா மட்டும் போகமாட்டார். உட்கார்ந்த இடத்துக்குக் காபி வர வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினால் அதில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் விழ வேண்டும், பின்னாலேயே வெந்நீர் வர வேண்டும். கொண்டுவந்து கொடுப்பது அவர் மனைவி உமாராணி. எனக்கு மதினி முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம்.

அந்த வீட்டில் மதினிக்கென்று இருந்தது ஒரு கண்ணாடித் தொட்டிதான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்துக் கிடந்தபோது, அம்மா கண்ணெதிரே ஏதாவது அசைந்துகொண்டிருக்கட்டும் என்று மகன் வாங்கி வைத்துவிட்டு பெங்களூருக்குப் போனான். தொட்டியில் ஒரு கோல்ட்ஃபிஷ். மதினி அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார். விரலைத் தண்ணீரில் நனைத்தால் ஓடி வந்து முட்டும். உடம்பு தேறி எழுந்த பிறகும் மதினி மனசுவிட்டுப் பேசியது அதனிடம்தான். "மீன்ட்டயா மதினி பேசுதிய?" என்று என் மனைவி ஒருநாள் சிரித்திருக்கிறாள். "நான் பேசி முடிக்கது வரைக்கும் கேக்கது இந்த வீட்டுல இது ஒண்ணுதான் பிள்ள" என்றாராம் மதினி. வந்து சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை.

போன தசரா முடிந்து மழை பிடித்த வாரத்தில், அண்ணாச்சி சந்தையிலிருந்து பாலிதீன் கவரில் கறுப்பு மோலி மீன்கள் வாங்கி வந்தார். ஒற்றையாகக் கிடக்கிற ராசாத்திக்குத் துணையாம். புது மீனைக் கொஞ்ச நாள் தனி வாளியில் போட்டு, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விட வேண்டும் என்று மதினி சொல்ல ஆரம்பித்தார்.

"மீனுக்கு என்னளா தனிக்குடித்தனம்?" என்று கேட்டபடியே கவரைத் தண்ணீரோடு தொட்டியில் கவிழ்த்தார் அண்ணாச்சி.

அந்த வாரம் முடிவதற்குள் ராசாத்தியின் வாலில் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். பிறகு செவுளில், முதுகில். தீனியைத் திரும்பிப் பார்க்காமல், அடியில் கிடந்த கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து நீந்தியது. மதினி குடையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார். கடைக்காரன் ஃபிராங்க்ளின் போனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே வியாபாரம் பார்க்கிற வித்தை தெரிந்தவன். "வெள்ளப்புள்ளி நோய்தான்க்கா. ஹீட்டரப் போடுங்க, கல்லுப்பு போடுங்க, இந்த மருந்த ஊத்துங்க. மிச்சத்த யூட்யூப்ல பாத்துக்கிடுங்க" என்று ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து வைத்தான். நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காத டாக்டர்.

மதினி நிஜமாகவே உட்கார்ந்து பார்த்தார். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்றுகொண்டிருக்கிற ஒரு ஒட்டுண்ணி. வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்து தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே நூற்றுக்கணக்காகப் பிளந்து, குஞ்சுகுளுவானோடு மறுபடி மீனைத் தேடி வரும். தோலுக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தி வருகிற நேரத்தில்தான் கொல்ல முடியும். அதனால் தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கி அதைச் சீக்கிரம் உதிர வைக்க வேண்டும். அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட வேண்டும். புள்ளி மறைந்துவிட்டதென்று மருந்தை நிறுத்தவே கூடாது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, மதினி ஹீட்டரை மாட்டி, உப்பும் மருந்தும் போட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணாச்சி தொட்டிக்கு முன்னால் நின்றார். குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏளா, இது நோயில்ல. ஆத்தா முத்து போட்டிருக்கா."

"மீனுக்கு எப்படிங்க அம்ம போடும்?"

"ஏன், மீனு அவ பிள்ள இல்லையா? சின்னப்பிள்ளையில எனக்குப் போட்டப்ப எங்க வீட்டுல மருந்தா குடுத்தாவ? வேப்பிலையும் குளுமையுந்தான். அம்ம கண்ட எடத்துல சூட்டக் கூட்டலாமாளா? கொலசைக்கு மாலை போட்டவன் வீட்டுல இப்படி ஒரு காரியம் செய்வியா?"

ஹீட்டரைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். மருந்துப் பாட்டில் சாக்கடைக்குப் போனது. தொட்டியின் விளிம்பில் வேப்பங்கொத்தைச் செருகினார், தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தார், குளுமைக்கு ஐஸ் கட்டி போட்டார். வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. நானும் குலசைக்குப் போகிறவன்தான், ஆத்தாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தன் பிடிவாதத்துக்கு அவள் பெயரை வைத்துக்கொண்டவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். இத்தனைக்கும், மீனுக்கு மருந்து ஆகாது என்று சத்தம் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அதே மனிதர், சாப்பிட்டு முடித்ததும் மாத்திரைக்குக் கையை நீட்டினார்.

சில நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. உதிரத்தானே செய்யும்? தின்று முடித்தவை இறங்கிவிட்டன. அண்ணாச்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியளா தம்பி, ஆத்தா எறங்கிட்டா!" என்று மாடிவரை வந்து சொன்னார். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மீனுக்கு, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை வேப்பிலை போட்டு மேலிருந்து ஊற்றினார். பானை நிறையக் கூழ் காய்ச்சிக் கடைத்தெருவுக்கே கொடுத்தார். எனக்கும் வந்தது, கூழ் நன்றாகத்தான் இருந்தது. மதினி மட்டும் குடிக்கவில்லை. கூழாங்கல்லுக்கடியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் ராசாத்தியின் உடம்பில் புள்ளி இல்லாத இடமே இல்லை. வாயை மேலே வைத்துக் காற்றுக்குத் தவித்தது. மோலிகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. ராஜா தீர்ப்புச் சொன்னார்: "நீ எனக்குத் தெரியாம என்னமோ தாளிச்சிருக்க. அதான் கோவத்துல திரும்பி வந்திருக்கா." அவர் கடைக்குப் போனதும் மதினி என் மனைவியை அனுப்பி மறுபடி மருந்து வாங்கினார். அடுப்படி மூலையில் ஒரு பெயின்ட் வாளியைக் கழுவி வைத்து, ராசாத்தியை அதில் விட்டு, ஹீட்டரில் சூட்டைக் குறைவாக வைத்து மெதுவாக ஏற்றினார். கல்லுப்பைக் கரைத்து ஊற்றினார், காற்றுக் குழாயைப் போட்டார். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினார். வாளியை அரிசி மூட்டைக்குப் பின்னால் மறைத்தார். மஞ்சள் கலங்கிய தொட்டியில் ராசாத்தி இல்லாததை அண்ணாச்சி கவனிக்கவில்லை. சொந்த வீட்டில் ஒரு மீனுக்கு வைத்தியம் பார்க்க இப்படி ஒளித்து மறைத்துச் செய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் பலன் தெரிந்தது. புள்ளிகள் குறைந்தன. ஒருநாள் காலையில் ராசாத்தி விரலை முட்டியது என்று மதினி மாடிக்கு ஓடிவந்து சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை.

அன்றைக்கென்று அண்ணாச்சி கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். மதினி துணி காயப்போட மேலே வந்திருந்தார். ஐஸ் தண்ணீர் எடுக்க அடுப்படிக்குள் போன அண்ணாச்சி காற்றுக் குழாயின் சத்தத்தைக் கேட்டுவிட்டார். வாளியைக் கண்டார், கையை விட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. "ஆத்தாள அவிச்சு எடுக்காளே பாவி!" என்று கத்தியது எங்களுக்கு மாடியில் கேட்டது. மதினி இறங்கி ஓடுவதற்குள், ஃப்ரிட்ஜிலிருந்த பாட்டில் தண்ணீர் மொத்தத்தையும் வாளியில் கொட்டியிருந்தார். அந்தக் குளிர்ச்சி சட்டென்று தாக்கியதில் ராசாத்தி ஒருதரம் துள்ளிச் சரிந்தது. சாயங்காலத்துக்குள் செத்துப்போனது.

மதினி அழுது சத்தம் போடுவார் என்று நினைத்தேன். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து சோறு வடித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாடகை வீட்டுக் குழாய் ஒழுகுகிறதென்று சொல்லக் கீழே போயிருந்தேன். அண்ணாச்சி சாப்பிட்டு முடித்து, என்னிடம் குழாயைப் பற்றி விளக்கிக்கொண்டே வழக்கம்போலக் கையை நீட்டினார். மதினி வந்து அந்தக் கையில் ஒரு வேப்பங்கொத்தை வைத்தார்.

"என்னளா இது? மாத்திர எங்க?"

"மருந்து கிருந்து ஆகாதுன்னியளே. ஆத்தா பாத்துக்கிடுவா."

சொல்லிவிட்டுப் போய், காலித் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பிறகு எழுந்து, அலமாரியைத் திறந்தார், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார், சட்டைப் பைகளைத் துழாவினார். கப்பலை எங்கே கட்ட வேண்டும் என்று தெரிந்தவருக்குத் தன் மாத்திரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அது ஃப்ரிட்ஜ் மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். திறந்தார். உள்ளே வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, இன்னும் ஏதேதோ அட்டைகள்.

"ஏளா உமா, இதுல சர்க்கரைக்கு எது, பிரஷருக்கு எது?"

மதினி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"ஒங்களுக்குத் தெரியாததா?"