பாலை விட்ட சித்தப்பா

எனக்கு ஏழு வயதானபோது எங்கள் சித்தப்பா பாலை விட்டார். பால் மட்டுமல்ல, தயிர், மோர், நெய், காபியில் விடும் நாலு சொட்டு வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். ஸ்ரீரங்கத்தில் எங்களைப் போன்ற வீடுகளில் மாமிசமும் முட்டையும் என்றைக்குமே கிடையாது. அதனால் விடுவதற்கு மிச்சமிருந்தது பால் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டார் என்றதும் தெருவில் பாதிப் பேர் தபஸ் என்றார்கள், பாதிப் பேர் கிறுக்கு என்றார்கள். அம்மா இரண்டாவது கட்சி.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். பகலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. ஆனால் அந்த வேலையைப் பற்றி அவர் யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. கோயிலில் புறப்பாட்டின்போது பெருமாளைத் தோளில் சுமந்து வருகிறவர்களை ஸ்ரீபாதம்தாங்கிகள் என்பார்கள். சித்தப்பா அவர்களில் ஒருவர். சுமப்பது என்றால் மூட்டை தூக்குவது போல் அல்ல. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே காலை எடுத்து வைக்க வேண்டும். ஓர் இடத்தில் சிங்கம் போல எட்டு வைக்க வேண்டும், ஓர் இடத்தில் வளைந்து வளைந்து போக வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பெருமாளே நடந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும். "நம்ம கால்தான் அவருக்குக் கால்" என்பார் சித்தப்பா. அவர் பெருமையடித்துக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நாற்பது வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. தொப்பை வேறு. வீதி முனை திரும்புவதற்குள் மூச்சு வாங்கியது. இப்படியே போனால் தோள் கொடுக்க முடியாமல் போய்விடும் என்று பயந்துதான் தில்லை நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த உணவு முகாமுக்குப் போனார். அங்கே பேசிய மருத்துவர், பால் கன்றுக்கானது, நமக்கல்ல என்றாராம். கீரை, பயறு, காய், பழம், சிறுதானியம், கொட்டை வகை போதும் என்றாராம். சித்தப்பா அன்று வீட்டுக்கு வந்து ராத்திரி மோர்சாதம் வேண்டாம் என்றார்.

"மோர்சாதம் இல்லாம எப்படி இலையை விட்டு எழுந்திருப்பேள்?" என்று அம்மா கேட்டாள்.

"எழுந்துண்டுட்டேன் பாருங்கோ, மன்னி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

முகாமில் பால் வேண்டாம் என்றவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்தச் சாப்பாட்டில் பி-12 என்ற ஒரு சத்து மட்டும் கிடைக்காது, அதை மாத்திரையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியும் கொடுத்திருந்தார். சித்தப்பா வாங்கி வந்தது கேப்சூல். அது எதனால் செய்தது என்று அம்மா கேட்டாள். தளிகை என்று நாங்கள் சொல்லும் சமையலுக்குள் நுழைகிற எதையும் அவள் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் விடுவாள். சித்தப்பா மருந்துக்கடைக்குத் திரும்பப் போய் விசாரித்தார். உள்ளே இருக்கிற மருந்தில் ஒன்றும் இல்லை, மேலே இருக்கிற கூடுதான் மாட்டெலும்பிலிருந்து எடுப்பது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். கன்றுக்குட்டியின் பாலையே விட்ட மனுஷர், தாய்மாட்டின் எலும்பையா விழுங்குவார்? அம்மா அந்த அட்டையை விரல் நுனியால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டாள், பிறகு குளித்தாள். கூடு இல்லாத வெறும் மாத்திரையாகவும் அது கிடைக்குமா என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் ஒரு வருஷம் சித்தப்பாதான் ஜெயித்தார். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொப்பை காணாமல் போயிற்று. சர்க்கரை இறங்கியது, கொழுப்பு இறங்கியது. டாக்டர் சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். மலச்சிக்கல் போய்விட்டது என்பதையும் அவர் கேட்காதவர்களிடம்கூடச் சொன்னார். முளைகட்டிய பயறும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டன. அம்மா வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வேர்க்கடலையை அரைத்துத் தயிர் தோய்த்தாள். அது தயிரும் இல்லை கடலையும் இல்லை என்று அப்பா சொன்னார். ஆனாலும் புறப்பாட்டில் தம்பி இளவட்டம் மாதிரி தோள் கொடுத்ததை வீதியோரம் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அப்பாதான்.

இதில் எனக்குத் தனி லாபம் ஒன்று இருந்தது. கோயில் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ஆனால் தயிர்சாதத்திலும் அக்காரவடிசிலிலும் பாலும் நெய்யும் இருக்கும். சித்தப்பா அதைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் கையில் வைத்துவிடுவார். இரண்டு வருஷம் அவர் பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். அவர் பாலை விட்டது எவ்வளவு நல்ல காரியம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது வருஷக் கடைசியில் சித்தப்பா சில வேடிக்கைகள் செய்ய ஆரம்பித்தார். வேடிக்கை என்று நான் நினைத்தேன். கடைத்தெருவில் நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். நான் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கொடுப்பேன். "அட, விட்டுட்டேனா?" என்பார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடிச் சுவரைப் பிடிப்பார். நாக்கு எரிகிறது என்று ரசத்தில் காரம் வேண்டாம் என்றார். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் கொதிக்கும். நாங்களெல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடுவோம். சித்தப்பா நிதானமாக நடந்து வந்தார்.

"சுடலையா சித்தப்பா?"

நின்று தன் காலைக் குனிந்து பார்த்தார். "இல்லையேடி" என்றார். எங்களோடு வந்த பக்கத்து வீட்டு மாமி, பத்தியமாக இருக்கிறவர்களுக்கு உடம்பே வேறு மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் மறுநாள் ஸ்கூலில் எங்கள் சித்தப்பாவை நெருப்புகூடச் சுடாது என்று சொன்னேன்.

அப்போது எனக்கு ஒரு வித்தை தெரியும். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போல நடந்து காட்டுவேன். கணக்கு டீச்சர், கீரைக்காரம்மா, அப்பா, யாரையும் விட்டுவைத்ததில்லை. அந்தச் சித்திரையில் ஒருநாள் காலைப் புறப்பாடு முடிந்து ஸ்ரீபாதம்தாங்கிகள் ஐந்தாறு பேர் எங்கள் வீட்டுக்குப் பானகம் குடிக்க வந்தார்கள். எல்லோரும் கூடத்தில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார்கள். "என்ன குட்டி, இன்னிக்கு யாரு?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அது போதும். அவர்கள் ஒவ்வொருவரையும் நடந்து காட்டினேன். கடைசியாகச் சித்தப்பா. காலை அகட்டி, குதிகாலைத் தரையில் தொப்பென்று அடித்து, கண்ணைப் பாதத்தை விட்டு எடுக்காமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனேன். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

முன்பக்கம் தோள் கொடுக்கும் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. பானகத்தைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தரம் நடந்து காட்டு, கொழந்தே."

அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் நன்றாகவே நடந்து காட்டினேன்.

அவர் சித்தப்பாவைப் பார்த்து, "எழுந்து காலைச் சேர்த்து நில்லு" என்றார். சித்தப்பா நின்றார். "கண்ணை மூடிக்கோ."

சித்தப்பா கண்ணை மூடினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. பக்கத்திலிருந்தவர் எழுந்து பிடித்திருக்காவிட்டால் தூணில் மோதியிருப்பார்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா. கால் மரத்துப்போறது. சரியாப் போயிடும் அண்ணா."

"பெருமாளை ஏளப்பண்றச்சே எவன் காலைப் பார்த்துண்டு நடப்பான்? நீ விழுந்தா எழுந்துண்டுடலாம். தோள்ல யார் இருக்கார்னு நெனச்சுப் பார்த்தியா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "நாளைலேந்து தோள் குடுக்காதே."

சித்தப்பா மேல்துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்கு ஏனோ யாரும் கை தட்டவில்லை.

மறுநாள் அப்பா அவரைப் புத்தூரில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். ஸ்கூல் லீவு என்பதால் நானும் போனேன். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தபோது பி-12 இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. அவர் போட்டுக்கொண்ட சர்க்கரை மாத்திரையும் அந்தச் சத்தை உடம்பில் சேர விடாதாம்.

"நீங்க சாப்பிட்டதுல தப்பில்ல சார். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்ல சாப்பாடுதான். இந்த ஒரு மாத்திரையைச் சேர்த்துக்காததுதான் தப்பு" என்றார் டாக்டர். "நரம்பு தேஞ்சுபோச்சு. கண்ணால பார்க்கலேன்னா கால் எங்க இருக்குன்னு உடம்புக்குத் தெரியல. ஊசி போடுறேன். ஆனா லேட்டா வந்திருக்கீங்க. எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதும் அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்னா தூக்கிப் போட்டேன்" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். சித்தப்பா சுவரைப் பிடித்தபடி அவளருகே போய், "மன்னி, நான் போடச் சொன்னதுனாலதானே போட்டேள்" என்றார். அது உண்மையில்லை என்பது எனக்கே தெரிந்தது.

ஊசிகள் போட்டார்கள். பிறகு கூடு இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அப்படி ஒன்று எல்லாக் கடையிலும் இருந்தது. நாக்கு ஆறியது, சோர்வு போயிற்று, முகத்தில் நிறம் வந்தது. பாலைச் சித்தப்பா திரும்பத் தொடவில்லை. அதில் அவர் பிடிவாதம் பிடித்ததில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. நானும் இப்போது பால் சாப்பிடுவதில்லை. மாத்திரையை மட்டும் மறப்பதே இல்லை. ஆனால் அவருடைய கால்கள் முழுவதும் திரும்பி வரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தால் நடப்பார். தோள் கொடுக்கிற பேச்சு வீட்டில் நின்றுபோயிற்று.

ஏழெட்டு மாதம் அவர் புறப்பாட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள், "வரியா, பெருமாளைச் சேவிச்சுட்டு வரலாம்" என்று என்னைக் கூப்பிட்டார். உத்திர வீதியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பிறந்ததிலிருந்து அவரை வீதியின் நடுவில் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அன்றுதான் ஓரத்தில் நின்றார். ஒரு கையை என் தோளில் வைத்திருந்தார். அழுத்தமாகப் பிடித்திருந்ததில் தோள் வலித்தது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடப் போகிறேன் என்று பயப்படுகிறார், எனக்கென்ன இன்னும் கைக்குழந்தையா என்று கோபமாக வந்தது.

நாதஸ்வரம் நெருங்கியது. எனக்கு முன்னால் ஒரே முதுகுகளாக இருந்தன. பெருமாள் தெரியவில்லை. "இருடி, இங்கேயே நில்லு" என்றார் சித்தப்பா. நான் அவர் கையை உதறிவிட்டுக் கால்களுக்கு நடுவே நுழைந்து முன்வரிசைக்கு ஓடினேன்.

சுமந்து வந்தவர்கள் எங்கள் எதிரில் வந்து நின்று, சிங்கம் போல ஓர் எட்டு வைத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, முகத்தை நிமிர்த்தி, பெருமாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் அப்படியே முன்புறமாகத் தரையில் விழுந்தார். சுற்றி நின்றவர்கள் சட்டென்று விலகி இடம் விட்டார்கள். "என்ன பக்தி பாருங்கோ" என்று ஒரு மாமி சொன்னாள். யாரும் அவரைத் தூக்கவில்லை. அவரும் எழவில்லை. முகம் தரையில் இருந்தது, தோள்கள் மட்டும் குலுங்கின.

இவ்வளவு பேர் பார்க்கும்படி என் சித்தப்பா சேவிக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஓடிப் போய் அவர் பக்கத்திலேயே நானும் விழுந்து சேவித்தேன்.